பழைய தோளுக்கு எந்தத் துப்பாக்கி?



குடும்பப் பத்திரிகை ஒன்றின் இந்தப் பக்கத்தில் ‘துப்பாக்கி’ என்னும் சொல்லைக் கண்டதும் உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியுள்ள கடிதமே இதற்குக் காரணம். இளமையில் அவர் படுத்துச் சுடும் இலக்குப் போட்டிகளில் பங்கு கொண்டவராம். இருபதாண்டு இடைவெளிக்குப் பின், பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட நிலையில், மீண்டும் அதில் இறங்க விரும்புகிறாராம். “எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதில் குழப்பமாக இருக்கிறது. வீட்டாருக்கோ இதில் துளியும் விருப்பமில்லை. தங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

நான் துப்பாக்கி வல்லுநன் அல்லன். ஆயினும் இதே கேள்வியோடு ஒரு மனிதர் பல மாதங்கள் அலைந்ததை அருகிருந்து கண்டவன். என் தங்கையின் கணவர் பர்மிங்ஹாமில் வாழ்கிறார். 2023ஆம் ஆண்டு நான் அவர்கள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தபோது, மச்சானுக்குத் துணையாக மன்றம், கடை, கண் மருத்துவர், தோட்டாத் தொழிற்சாலை என்று எல்லா இடங்களுக்கும் போய் வந்தேன். ஊர் திரும்பிய பின் நடந்தவற்றைத் தொலைபேசியில் கேட்டறிந்தேன். கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன். லெஸ்டர் வாசகருக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கும், ஐம்பது வயதுக்கு மேல் பழைய விளையாட்டொன்றுக்குத் திரும்ப நினைக்கும் வாப்பாமார்கள் இல்லத்தில் இருப்பின், ஓரளவு பயன்படலாம்.

அறியாதோர்க்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். தரையில் விரித்த பாயின் மேல் குப்புறப் படுத்து, இரு முழங்கைகளையும் ஊன்றி, இடக்கையின் மேற்புறத்தில் மாட்டிய வாரின் பிடியில் துப்பாக்கியைத் தாங்கி, அசையாத இலக்கை நோக்கிச் சுடுவதே இது. மணல் மூட்டையோ தாங்கியோ வைத்துக்கொள்ள அனுமதியில்லை. தோட்டாவின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். ‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்வார்களே, அதுதான். 50 மீட்டர் தூரப் போட்டியில் கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 112.4 மில்லிமீட்டர்; அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான்! அதை அறுபது முறை சுட வேண்டும். குளிர் மிகுந்த அந்நாட்டில் கூரையின் கீழ் 25 கெஜ தூரத்தில் சுடும் வழக்கமும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் மன்றத்திலேயே சுட்டு, துளைபட்ட அட்டையை மதிப்பெண் கணிப்பவருக்குத் தபாலில் அனுப்பும் ‘தபால் லீக்’ போட்டிகள் அங்கே நெடுங்காலமாக நடைபெறுகின்றன. எதிரியின் முகத்தையே காணாமல் ஒரு பருவம் முழுதும் போட்டியிடலாம் என்பது எனக்கு வியப்பாயிருந்தது.

நம் நாட்டவர்க்கும் இது அந்நியமன்று. 2010ஆம் ஆண்டு மியூனிக்கில் நடந்த உலகப் போட்டியில் தேஜஸ்வினி சாவந்த் இதே படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜாய்தீப் கர்மாகர் நான்காமிடம் பெற்று, ஒரு படியில் பதக்கத்தைத் தவறவிட்டார். அந்தப் போட்டியில் தங்கம் பெற்ற பெலாரஸ் நாட்டு செர்கெய் மார்ட்டினோவுக்கு அப்போது வயது 44. தகுதிச் சுற்றில் 600க்கு 600 எடுத்திருந்தார். வயது ஏறியவர்களை இவ்விளையாட்டு ஒதுக்கிவிடுவதில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். எனினும் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பின் ஆடவர் படுத்துச் சுடும் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மச்சானின் சொந்த ஊரான பர்மிங்ஹாமிலேயே 2022இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. அதில் துப்பாக்கி சுடுதலே இடம்பெறவில்லை! அவருக்கு அதில் இன்றளவும் ஆதங்கம்.

அவர் 1979இல் அந்நகருக்குச் சென்றவர். கருவி செய்யும் தொழிலாளராக ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். தொழிற்சாலையின் நிலவறையில் சுடும் மன்றம் ஒன்று இருந்தது. இரவுப் பணிக்கும் பகல் பணிக்கும் இடையில் அங்கே போகத் தொடங்கியவர், 1983 முதல் 1998 வரை மாவட்டப் போட்டிகளில் சுட்டார். அவர் குடியிருப்பது ஸ்மால் ஹீத் பகுதி. இன்று பள்ளிவாசல்களும் நம்மவர் கடைகளும் நிறைந்த அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை இருந்தது. நம் ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள் என்று சிறு பிள்ளையும் சொல்லும். அந்த மூன்றெழுத்தின் விரிவு ‘பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதும், 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்த நிறுவனம் அது என்பதும், மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியதே அதன் சின்னம் என்பதும் பலருக்குத் தெரியாது. அந்நிறுவனம் 1950 முதல் ‘மார்ட்டினி இன்டர்நேஷனல்’ என்னும் இலக்குத் துப்பாக்கியைச் செய்தது. அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால் திறந்துகொள்ளும் பழைய மார்ட்டினி அமைப்பு. ஓய்வு பெற்ற தோழர் ஒருவரிடமிருந்து மச்சான் வாங்கிய முதல் துப்பாக்கி அதுதான்.

1998இல் அதை விற்றுவிட்டார். வீடு வாங்க முன்பணம் தேவைப்பட்டது. இரண்டாவது குழந்தையும் பிறந்திருந்தது. தொழிற்சாலையும் மூடப்படும் நிலையில் இருந்தது. விற்ற பணம் பெரிதன்று. ஆனால் விற்ற நாளை அவர் மறக்கவில்லை. 2023இல் பணியிலிருந்து விடுபட்டதும் அவர் முதலில் செய்த காரியம், அதே வகை மார்ட்டினி எங்கே கிடைக்கும் என்று தேடியதே. தேடியதில் கிடைக்கவும் செய்தது. விலையும் சில நூறு பவுண்டுகளுக்குள் அடக்கம். அதே சமயம் மற்றோர் ஆசையும் அவரைப் பிடித்துக்கொண்டது: அலுமினியக் கட்டையில் அமைந்த புத்தம்புதிய ஜெர்மானியத் துப்பாக்கி. அது பல ஆயிரம் பவுண்டுகள். ஓய்வுத் தொகையிலிருந்து அதற்கென ஒரு பங்கை ஒதுக்கியும் வைத்துவிட்டார்.

இங்கேதான் என் தங்கை குறுக்கிட்டாள். “காக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் நாங்கள் இருவரும் உம்ரா போய் வரலாம். இந்த வயதில் தரையில் படுத்துச் சுட வேண்டும் என்று யார் அழுதார்கள்?” என்றாள். பணத்தைவிடப் பெரிய அச்சமொன்றும் அவளுக்கு இருந்தது. “நம்மைப் போன்ற பெயருள்ளவர்கள் வீட்டிலிருந்து நீண்ட பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வெளியே போனால் தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்றிருந்த காலம் வேறு” என்றாள். அவள் கூற்றில் உண்மையில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மச்சானும் சொல்லவில்லை. லெஸ்டர் வாசகரே! உங்கள் வீட்டார் வாய்விட்டுச் சொல்லாத காரணமும் இதுவாக இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டத்தைப் பொறுத்தவரை அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டமே அடிப்படை. காவல்துறையின் சான்றிதழ் இன்றித் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ‘தக்க காரணம்’ காட்ட வேண்டும். அரசின் அங்கீகாரம் பெற்ற மன்றத்தின் உறுப்பினர் என்பது அத்தகைய காரணம். இருவர் நற்சான்று தர வேண்டும். 2021 முதல் மருத்துவரின் தகவலும் கட்டாயம். என்ன வகை, என்ன விட்டம் என்று ஒவ்வொரு துப்பாக்கிக்கும் முன்கூட்டியே அனுமதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால், கடையில் கண்டதும் ஆசைப்பட்டுக் காசை நீட்ட இயலாது. ஒரு வகையில் அது நல்லதே. மச்சானின் பழைய சான்றிதழ் எப்போதோ காலாவதியாகிவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

காவல்துறை அலுவலர் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரும்புப் பெட்டியைச் சுவரில் எங்கே பொருத்தப் போகிறீர்கள், மன உளைச்சல் ஏதும் உண்டா, ஏன் இவ்வளவு காலம் கழித்து என்று நிதானமாகக் கேட்டார். என் தங்கை தேநீர் கொடுத்துவிட்டு, “எல்லோரிடமும் இதையேதான் கேட்பீர்களா?” என்று நேராகவே கேட்டுவிட்டாள். “எல்லோரிடமும் இதையேதான்” என்றார் அவர். பெட்டியின் சாவி இருக்குமிடம் சான்றிதழ் உள்ளவரைத் தவிர வேறெவருக்கும் தெரியக்கூடாது, மனைவிக்கும் கூட, என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நாற்பதாண்டு காலமாகத் தான் ஆண்டுவரும் வீட்டில் தனக்குத் தெரியாத சாவியா! அந்தக் கோபம் ஆற இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அந்த விதி எத்தகைய பாதுகாப்பு என்பதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். சுடும் பாகமான போல்ட்டைக் கழற்றித் தனியே வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்று தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் விதித்தாள். அதுவும் நல்ல வழக்கமே.

(நம் நாட்டுச் சட்டம் வேறு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆளுகிறது. ஆகையால் இங்குள்ளவர்கள் மேற்கூறியதை வைத்து எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.)

சான்றிதழ் வரும்வரை மாதங்கள் கழிந்தன. அக்காலம் வீணாகவில்லை. அங்கீகாரம் பெற்ற மன்றத்தின் உறுப்பினர், மன்றத்தின் துப்பாக்கியைக் கொண்டு சொந்தச் சான்றிதழ் இன்றியே அங்கே சுடலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். மச்சான் சேர்ந்த புதிய மன்றத்தில் நாலைந்து வகைத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுள் ஒரு பழைய மார்ட்டினியும் இருந்தது! அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். கையில் ஏந்தி, நெம்புகோலை ஒருமுறை இழுத்துப் பார்த்து, பாயில் படுத்தார். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். எழும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

நிகழ்ந்தது இதுதான். அந்தத் துப்பாக்கியின் கட்டை ஒரே அளவில் செதுக்கப்பட்டது. கன்னம் பதியும் இடத்தை உயர்த்த வழியில்லை. இருபத்தைந்து வயதில் அவர் கழுத்து துப்பாக்கிக்குத் தகுந்தவாறு வளைந்து கொடுத்தது. அறுபத்து நான்கு வயதில் அது வளைய மறுக்கிறது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கி, நெற்றிக்குக் கீழிருந்து பார்க்கும் அந்த நிலையில் கழுத்தெலும்புகள் மீது விழும் பாரம் சிறிதன்று. குறிபார்க்கும் சாதனம் தாழ்வாக இருந்தால் தலையை மேலும் முன்னோக்கிக் குனிய வேண்டும். பார்வை புருவத்தோடு உரசிக்கொண்டு போகும். அடுத்த வாரமும் அவர் அதே மார்ட்டினியை எடுத்தார். அதற்கடுத்த வாரமும் எடுத்தார். மூன்றாம் வாரம் எதுவும் பேசாமல் அதை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். வழியில் காரில், “அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, மச்சான்” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, என் முதல் யோசனை: நீங்கள் முன்பு எதை வைத்துச் சுட்டீர்களோ அதைத் தேடிப் போகாதீர்கள். இரவல் துப்பாக்கியில் இரண்டு மூன்று மாதம் படுத்துப் பாருங்கள். உடம்பின் எந்த இடம் முதலில் முனகுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். கழுத்தா, இடத்தோளா, முழங்கையா, இடுப்பா? துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.

மச்சானின் குறிப்பில் கழுத்தும் வலத்தோளும் இருந்தன. எனவே கன்னம் பதியும் பலகை உயரவும் தாழவும் வேண்டும். தோளில் பதியும் பின்தகடு நீளவும் குறுகவும், மேலும் கீழும் நகரவும் வேண்டும். குறிபார்க்கும் சாதனங்களுக்கு அடியில் உயர்த்தும் கட்டைகள் பொருத்த இடம் வேண்டும். இடக்கை முட்டி நிற்கும் கைத்தடுப்பு முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஓரங்குல மாற்றத்தில் வலி இருந்த இடம் தெரியாமல் போவதை மன்றத்தின் வேறொரு துப்பாக்கியில் கண்டோம்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச விதி ஆடவர்க்கு 8 கிலோ வரை அனுமதிக்கிறது. கனமான துப்பாக்கி அசையாமல் நிற்கும் என்பது பொதுவான எண்ணம். நின்று சுடுவோர்க்கு அதில் பொருளுண்டு. படுத்துச் சுடுவோர்க்கு எலும்பும் வாருமே பாரத்தைத் தாங்குவதால், எடையின் நன்மை அவ்வளவாக இல்லை. இடக்கையில் வார் இறுகி விரல்கள் மரத்துப்போகும் தொல்லைதான் கூடுகிறது. அன்ஷூட்ஸ் 1913 போன்ற கனத்த வகை ஏறக்குறைய 7 கிலோ. அதே நிறுவனத்தின் 1907 என்னும் வகை சுமார் 5 கிலோ. இரண்டும் ஒரே ‘மேட்ச் 54’ என்னும் உள்ளமைப்பைக் கொண்டவை. ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்யப்படும் இவை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளமையால் பழையவை நிறையக் கிடைக்கின்றன. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவையும் தரமானவையே. ஸ்விட்சர்லாந்தின் ப்ளைக்கர், க்ரூனிக் எல்மிகர் முதலியவற்றின் விலையைக் கேட்டபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். எண் மாறவில்லை.

கழுத்துக்கு அடுத்தது கண். எனக்கு இதுவே மிகவும் சுவையாக இருந்தது. பின்குறியில் ஒரு நுண்துளை, குழலின் முனையிலுள்ள முன்குறியில் ஒரு வளையம், அதற்கப்பால் 50 மீட்டரில் கறுப்பு வட்டம். இம்மூன்றையும் ஒரே மையத்தில் வைக்க வேண்டும். ஆனால் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும். தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி வளையம். அது கண்ணிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருக்கிறது. இளமையில் கண்வில்லை தானே சுருங்கி விரிந்து சரிசெய்துகொள்ளும். நாற்பத்தைந்துக்கு மேல் அந்த ஆற்றல் குறைகிறது. மச்சானுக்கோ வலக்கண்ணில் 2021இல் புரை நீக்கி, தூரப்பார்வைக்கான செயற்கை வில்லை வைத்திருந்தார்கள். செயற்கை வில்லை சுருங்காது, விரியாது. கறுப்பு வட்டம் கூர்மையாகத் தெரிந்தது. வளையம் புகை படிந்தாற்போல் இருந்தது. அவர் துப்பாக்கியைக் குறை சொன்னார். வேறு துப்பாக்கி மாற்றினார். புகையும் கூடவே வந்தது.

கண்ணாடி நிலையத்தில் விவரம் சொன்னதும், தூரப்பார்வைக்குரிய அளவோடு அரை டயாப்டர் கூட்டிய ஒரு சிறு வில்லையைப் பின்குறியில் பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். போட்டி விதிகள் அத்தகைய ஒற்றை வில்லையை அனுமதிக்கின்றன; தொலைநோக்கிதான் கூடாது. முன்குறி வளையத்தையும் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டார். அந்த வில்லைக்கும் வளையத்துக்கும் ஆன செலவு, வாங்க எண்ணியிருந்த புதிய துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு துளி. கண் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள், எந்தக் கண்ணால் குறி பார்ப்பீர்கள் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பழைய துப்பாக்கி வாங்குவதென்று முடிவானதும் ஓரிடத்தில் ஏமாறவிருந்தோம். பெயர் வேண்டாம். மரக்கட்டை கண்ணாடிபோல் பளபளத்தது. விற்பவர் அதிகம் சுடப்படாதது என்றார். மன்றத்து முதியவர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். குழலுக்குள் செலுத்தும் நுண் கேமராவை அவர் நுழைத்துக் காட்டினார். தோட்டா நுழையும் இடத்திற்கு முன்னால் கரி வளையம் போல் இறுகியிருந்தது. அது துடைத்தால் போகும். ஆனால் குழலின் வாயருகே துரு அரித்த குழிகள் இருந்தன. குண்டு குழலைவிட்டு நீங்கும் அந்த இறுதி விளிம்பில் சேதமிருந்தால் குண்டு ஒரே இடத்தில் விழாது. அதிகம் சுடப்படாதது என்பது உண்மையாகவே இருக்கலாம். சுடாமல் ஈரத்தில் போட்டு வைத்ததுதான் குழலைக் கெடுத்தது. கட்டையின் கீறலைப் பொருட்படுத்தாதீர்கள். குழலைப் பாருங்கள். விலை பேசுமுன் 50 மீட்டரில் தாங்கி மேல் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள்.

இறுதியில் அவர் வாங்கியது, கன்னப் பலகையும் பின்தகடும் நகரும் ஒரு பழைய அன்ஷூட்ஸ் 1907. கட்டையில் இரண்டு இடத்தில் நிறம் போயிருக்கிறது. ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி மிஞ்சியது. மிஞ்சியதிலிருந்து ஒரு நல்ல சுடும் மேலங்கியும், வாரும், கையுறையும் வாங்கினார். பழைய மேலங்கி பொத்தான் போட மறுத்துவிட்டது. அதன் காரணத்தை என் தங்கை எல்லோர் முன்னிலையிலும் விளக்கினாள்.

தோட்டாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆயினும் ஒரு தொகுதி எண்ணுள்ள தோட்டாக்கள் ஒரு குழலில் பொத்தானளவுக்குள் விழும். மற்றொரு தொகுதி அதே குழலில் சிதறும். வேறொருவர் துப்பாக்கியில் இது தலைகீழாக நடக்கும். 2.6 கிராம் ஈயக் குண்டு ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கிறது. வேகத்தில் நேரும் சிறு வேறுபாடும், குழல் அதிரும் விதமும் 50 மீட்டரில் வெளிப்பட்டுவிடும். புகழ்பெற்ற ஈலி தோட்டாக்கள் பர்மிங்ஹாமை அடுத்த மின்வொர்த்தில்தான் செய்யப்படுகின்றன. அங்குள்ள சோதனைக் கூடத்தில் மச்சானின் துப்பாக்கியை அசையாதபடி இறுக்கிப் பொருத்தி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்தார்கள். விலையுயர்ந்த தோட்டாவின் ஒரு தொகுதியை, அதைவிட ஒரு படி குறைந்த தோட்டா வென்றுவிட்டது! அந்தத் தொகுதியிலேயே, சான்றிதழ் அனுமதித்த எண்ணிக்கை வரை வாங்கி வைத்தார்.

வாரம் நூறு சுட்டால் ஆண்டுக்கு ஐயாயிரம் தோட்டா. துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் போதும். தோட்டாவை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். வாங்குமுன் இந்தக் கணக்கை வீட்டாரோடு அமர்ந்து போட்டுவிடுவது நேர்மை. மச்சான் போட்டார். வாரத்தில் ஒரே மாலை, மஃரிபுக்குப் பின். மீதிப் பணம் உம்ராவுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. 2024இல் இருவரும் போய் வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

தெருவைப் பற்றிய தங்கையின் அச்சம் அத்தனை எளிதில் தீரவில்லை. துப்பாக்கியைக் காரின் உட்புறம் வரை வீட்டின் பக்கவாசல் வழியாக, இசைக்கருவி வைக்கும் பெட்டி போன்ற ஒன்றில் கொண்டு போகிறார். அடுத்த வீட்டு ஆங்கிலேய மூதாட்டியிடம் மட்டும் தானே போய்ச் சொன்னார். தன் தந்தை பி.எஸ்.ஏ.யில் வேலை பார்த்தவர் என்று அந்த அம்மையார் ஒரு மணி நேரம் பேசினாராம். எதிர்வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்பது தங்கையின் முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

குளிர்காலத் தபால் லீக்கில் அவர் சுட்ட முதல் அட்டைக்கு நூற்றுக்கு 91. முன்பெல்லாம் 97க்குக் குறைந்தால் அன்றிரவு சரியாகச் சாப்பிட மாட்டார் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். என் மருமகள் அந்த அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஒன்பது துளைகள் நடுவை ஒட்டியிருந்தன; ஒன்று மட்டும் வெகு தொலைவில், இடப்பக்கம் கீழே. தும்மல் வந்துவிட்டதாம்.

லெஸ்டர் வாசகர் முதலில் ஒரு மன்றத்தில் சேர்ந்து, இரவல் துப்பாக்கியில் ஒரு மாதம் படுத்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை எனக்கு எழுதட்டும். மச்சானிடம் காட்டிப் பதில் வாங்கித் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.